நீல வண்டி போன திசை

விபத்து நடந்த அன்று பார்லரம்மா சொன்னது மொத்தம் நான்கே வார்த்தை. "நீலமா ஏதோ தட்டிட்டுப் போயிடுச்சு." அவ்வளவுதான். அதுவே மூன்று வாரத்தில் நாற்பது நிமிடக் கதையாகிவிட்டது. புருவம் திருத்த வந்தவர்கள்கூட புருவம் முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்து கேட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பார்லருக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தார். ஒரு வண்டி இடித்தது. நிற்காமல் போய்விட்டது. அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. எழுந்து நடக்க ஆறு மாதமாகும் என்றார்கள். நடப்பாரா என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். வாத்தியாருக்கு வீட்டுப் படி இறங்கியது நினைவிருக்கிறது, அப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறி நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. தெருவின் ஒரு முனையில் மருந்துக்கடை, மறுமுனையில் பள்ளிக்கூடம். மருந்துக்கடை வாசலில் கேமரா ஒன்று உண்டு. ஆனால் அது ஒரு வருடமாகப் பக்கத்துச் சுவரைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறது. மற்ற எல்லோரும் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள். ஆக, பார்த்த கண் என்று இருந்தது பார்லரம்மாவின் இரண்டு கண்கள் மட்டும்தான்.

அந்தக் கண்களுக்கு அதுவரை அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. இருபது வருடமாக ஊர்க் கதையெல்லாம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது. யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார், எந்தப் பெண்ணுக்கு எந்த வரன் தட்டிப்போனது, எல்லாம். ஆனால் அவையெல்லாம் காதில் விழுந்த சரக்கு. இது சொந்தச் சரக்கு.

கதை வளர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் அது "நீலமா ஏதோ". மறுநாள், தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வந்த ஒருத்தி, "வேன் மாதிரியா அக்கா?" என்று கேட்டாள். "வேன் மாதிரிதான்" என்றாள் பார்லரம்மா. நான்காம் நாள் இன்னொருத்தி, "நம்ம தண்ணி வண்டி நீலம்தானே? அவன் அந்த நேரத்துக்குத்தானே வருவான்?" என்றாள். பார்லரம்மா சீப்பைக் காற்றில் நிறுத்தி யோசித்தாள். "இருக்கலாம்" என்றாள். அடுத்த வாரம் அந்த "இருக்கலாம்" கழன்று விழுந்துவிட்டது. அதற்கடுத்து, "இப்பல்லாம் எல்லாப் பசங்களும் போனைப் பார்த்துக்கிட்டேதானே ஓட்டறானுங்க" என்று பெருமூச்சு விட்ட ஒரு பெரியம்மா புண்ணியத்தில், தண்ணி வண்டிக்காரன் கையில் போனும் வந்து சேர்ந்தது.

வெறும் வாயால் சொல்கிற பெண் இல்லை அவள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கும். திரைச்சீலையை ஒரு பக்கமாகக் கட்டியிருப்பாள். அந்த வாசலில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, "இப்படி நிக்கறேன். இடது பக்கம், மருந்துக்கடைப் பக்கமா இருந்து வர்றான். வாத்தியார் இங்க. தட்டினான் பாரு, அப்படியே வலது பக்கம் பள்ளிக்கூடத்துப் பக்கமா பறந்துட்டான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பார்த்துட்டும் போனான்!" என்பாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நடித்துக் காட்ட வாசலுக்குப் போனவள், கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே நின்றுவிட்டாள். அது அவளுக்கே தெரியவில்லை.

தண்ணி வண்டி தினமும் மருந்துக்கடை முனையில் நுழைந்து, வீடு வீடாகக் கேன் இறக்கி, பள்ளிக்கூட முனை வழியாக வெளியேறும். எதிர்த்திசையில் அது வந்ததே இல்லை. திசை பொருந்தியது, நிறம் பொருந்தியது, நேரமும் கிட்டத்தட்டப் பொருந்தியது. வண்டியில் முப்பது நெளிவுகள் இருந்தன. அதில் எது வாத்தியாருடையது என்று யாரால் சொல்ல முடியும்? போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்தது, உரிமத்தை வாங்கி வைத்தது. அதிகாரி பார்லருக்கே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டார். போகும்போது, "வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வந்து எழுத்துல குடுத்துட்டுப் போங்கம்மா. உங்க கையெழுத்து விழுந்தா அவன் உள்ள போயிடுவான்" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல.

பார்லரம்மா தலையாட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை வங்கிப் பெண் வந்தாள். பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் முன்முடி வெட்டிக்கொள்கிறவள். மூன்று வாரமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்ததும் நாற்காலியில் உட்காராமல், நெற்றி முடியைப் பிடித்துக் காட்டினாள்.

"இதப் பாருங்கக்கா. வேற கடைக்குத்தான் போறதா இருந்தேன். சரி, செஞ்சவங்ககிட்டயே சரி பண்ணிக்கலாம்னு வந்தேன்."

முன்முடி ஓரிடத்தில் எலி கடித்த மாதிரி மேலேறி இருந்தது.

"ஐயய்யோ, யாரு வெட்டினது இத? கை உடைஞ்சவளா?"

"நீங்கதான்!"

"நானா? என் கையில இப்படி வருமா கண்ணு?"

"அன்னைக்கு வாத்தியார் விழுந்தப்ப, என் முடிதானே உங்க கையில இருந்துச்சு. முடி விழும்னு நான் கண்ண மூடியிருந்தேன். 'ஐயோ'ன்னு கத்திட்டு ஒரே இழுப்பு. கண்ணுல கத்திரி படாம தப்பிச்சதே பெரிய விஷயம்."

பார்லரம்மா சிரித்தாள். பொறுமையாக விளக்கினாள். "இல்லம்மா, நீ குழப்பிக்கிற. நான் அப்ப வாசல்ல நின்னுட்டிருந்தேன். வெயில்ல கண்ணு கூசிச்சு. கைய இப்படி வெச்சு..."

"நீங்க வாசலுக்கு ஓடினது அப்புறம்க்கா. பாதி முடியோட என்னை விட்டுட்டு ஓடினீங்க. நானும் துணியக் கழட்டாமலே பின்னால வந்தேன். அதுக்குள்ள வண்டியே இல்ல. நீங்க பார்த்தது இதுலதான்." வங்கிப் பெண் எதிரே சுவர் முழுக்க நின்ற கண்ணாடியைக் காட்டினாள். "இதுல பார்த்துட்டுத்தான் கத்தினீங்க."

பார்லரம்மாவுக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னவள் மேல் வருகிற கோபம் இல்லை. தன் வீட்டுக்குள் புகுந்து யாரோ பாத்திரத்தை இடம் மாற்றி வைத்ததைப் போன்ற கோபம். வெயில் முகத்தில் விழுந்தது அவளுக்குத் தெரியும். நிலைப்படியின் மரம் உள்ளங்கையில் சொரசொரத்தது தெரியும். இவள் வங்கியில் யாரோ எழுதிக்கொடுத்த தாளுக்கு முத்திரை குத்துகிறவள். இவளுக்கு என்ன தெரியும்? முடியைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, நேராக எதிர்க்கடைச் சாவிக்காரரிடம் போனாள். போலிச் சாவி செய்வதில் மன்னர். போலிக் கதை செய்வதில் அதைவிட.

"அண்ணே, அன்னைக்கு வாத்தியார் விழுந்தப்ப நான் எங்க நின்னேன்?"

"இதென்ன கேள்வி? வாசல்லதான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம? கையை நெத்தில வெச்சுக்கிட்டு நின்னீங்க. இப்பக்கூடக் கண்ணுல நிக்குது."

பார்லரம்மாவுக்கு மனசு லேசாயிற்று. ஆனால் இரண்டடி வந்ததும் நின்றாள். விபத்து நடந்த அன்று சாவிக்காரர் கடையே திறக்கவில்லை. மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது, முழுக் கதையையும் அவருக்கு அந்த வாசலில் நின்று நடித்துக் காட்டியவளே அவள்தான்.

"அண்ணே, நீங்கதான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே."

சாவிக்காரர் அரத்தை ஒருமுறை ஊதினார். "இல்லையா? பின்ன எனக்கு எப்படித் தெரியுது?" என்றார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. அடுத்த சாவியை எடுத்துக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். மூன்று நாளைக்கு ஒரு வாக்கியம் பேசுவார். அன்றைய வாக்கியம் இப்படி இருந்தது: "பதினோரு மணிக்கு உன் கடை வாசல்ல ஏது வெயில்?"

"இல்லாம?"

"மூணு மணிக்கு மேலதானே அந்தப் பக்கம் வரும்."

அவ்வளவுதான். தட்டைக் கழுவப் போய்விட்டார். இந்த மாதிரி ஆட்களோடு சண்டை போடவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். நிழல். நல்ல, குளிர்ந்த, சந்தேகமே இல்லாத நிழல். எதிர்க்கடைச் சுவரில்தான் வெயில் இருந்தது. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். எதை மறைப்பது என்று தெரியாமல் கீழே இறக்கினாள். மாலை நான்கு மணிக்கு மறுபடி போய் நின்றபோது வெயில் கண்ணைக் குத்தியது. நாற்காலியில் கூட்டம் கூடுகிற நேரம் அது. அவள் கதை சொல்கிற நேரம்.

உள்ளே வந்து நாற்காலிக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள் முகம், அதற்குப் பின்னால் திறந்த கதவு, கதவளவுக்கு ஒரு துண்டுத் தெரு. ஒரு சைக்கிள் கண்ணாடியின் இடது ஓரத்தில் நுழைந்து வலது ஓரத்தில் மறைந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் மருந்துக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மறுபடி கண்ணாடி. ஒரு பெண்மணி குடையோடு, இடமிருந்து வலம். திரும்பினாள். பெண்மணி பள்ளிக்கூடப் பக்கமிருந்து வந்து மருந்துக்கடைப் பக்கம் போனாள். அவள் நின்றது கண்ணாடியைப் பார்த்து என்றால் இடது பக்கம் பள்ளிக்கூடம். வாசலில் தெருவைப் பார்த்து என்றால் இடது பக்கம் மருந்துக்கடை. இருபது வருடமாக "அக்கா, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று கண்ணாடிக்குள் கை நீட்டுகிறவர்களின் பேச்சைக் கேட்டு, யோசிக்காமலே சரியான பக்கம் வெட்டிப் பழகிய கை அவளுடையது. கைக்குத் தெரிந்தது கதைக்குத் தெரியவில்லை. படத்தைக் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்து, திருப்பாமல் அப்படியே வாசலில் மாட்டிவிட்டாள்.

அப்படியானால் அந்த நீலமான ஏதோ பள்ளிக்கூடப் பக்கமிருந்து வந்தது. தண்ணி வண்டி அப்படி வருவதே இல்லை. போன்? திரும்பிப் பார்த்த முகம்? அவள் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். முகம் இருந்தது, தெளிவாக இருந்தது. மூக்கின் பக்கத்து மருகூட இருந்தது. ஆனால் அந்த மரு தண்ணி வண்டிக்காரனுக்கு இருப்பது தெருவுக்கே தெரியும். தினமும் கேன் இறக்குகிறவன்.

"என்னக்கா, என் தலையில எண்ணெய் வெச்சிட்டு எங்க பார்க்கறீங்க?" என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

"ஒண்ணுமில்லம்மா. தெருவப் பார்த்தேன்."

"தண்ணி வண்டிக் கதையச் சொல்லுங்களேன். எங்க நாத்தனார் கேட்டதே இல்லையாம்."

இருபது வருடத்தில் முதல் தடவையாக பார்லரம்மா, "தொண்டை சரியில்ல" என்றாள்.

புதன்கிழமை முழுக்க அவள் மனசுக்குள் ஒரு வழக்கு நடந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? அவன்தான் இடித்திருக்கலாம். அன்று மட்டும் ஏதோ காரணத்துக்கு எதிர்ப்பக்கமாக வந்திருக்கலாம். வாத்தியார் மகள் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கடைக்குள் வந்து, "உங்க ஒருத்தரை நம்பித்தான்கா இருக்கோம்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கையை எப்படி விடுவது? தெரு என்ன சொல்லும்? தெரு என்ன சொல்லும் என்பது அவளைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. தெரு பேசுவதே அவள் கடையில்தான்.

இத்தனையையும் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை மதியம் கடையை அடைத்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு, இரும்புப் படி. தண்ணி வண்டிக்காரனின் மனைவி கதவைத் திறந்தாள். வாசலிலேயே நிறுத்தினாள்.

"எங்க வந்தீங்க? இன்னும் ஏதாவது பார்க்கணுமா?"

"தம்பி இருக்காரா?"

"இருக்காரு. ஓட்ட வண்டி இல்ல, போக வேலை இல்ல. வேற எங்க போவாரு?"

உள்ளே அவன் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். கேன் தூக்கிப் பழகிய தோள்கள், சும்மா இருந்ததில் தொங்கிப் போயிருந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உக்காருங்கக்கா" என்றான். சத்தியமாக அக்கா என்றான்.

அவள் உட்காராமலே சொன்னாள். கண்ணாடி, வெயில், வங்கிப் பெண்ணின் முன்முடி, இடது, வலது, எல்லாவற்றையும். நடித்துக் காட்டாமல், கையை அசைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் மனைவி அடுப்படிக் கதவைப் பிடித்தபடி நின்று, மெதுவாக அழ ஆரம்பித்தாள். அவனிடம் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா நானே நாளைக்கு ஒத்துக்கிடலாம்னு இருக்கேன்கா."

"என்னத்த?"

"நான்தான்னு."

மனைவியின் அழுகை பாதியில் நின்றது. "என்ன பேசறீங்க நீங்க?"

"சத்தம் கேக்குது" என்றான் அவன். "டொப்புன்னு. வண்டியோட இடது பக்கம். கேன் உருளுற சத்தம்னு நெனச்சேன் அன்னைக்கு. பத்து வருஷமா கேன் உருளுற சத்தம் கேக்கறவன், அது வேற சத்தம்னு இப்பத் தெரியுது. ஸ்டியரிங்க்ல ஒரு ஆட்டம். கையிலயே இருக்கு." உள்ளங்கையை விரித்துப் பார்த்தான், அங்கே ஏதோ எழுதியிருப்பதைப் போல.

பார்லரம்மா அவன் விரித்த கையைப் பார்த்தாள். மூன்று நாட்களுக்கு முன் அவளும் இப்படித்தான், நிலைப்படி மரம் உள்ளங்கையில் சொரசொரத்தது என்று சத்தியம் செய்திருப்பாள்.

"தம்பி, யோசிச்சுச் சொல்லுங்க. அந்தச் சத்தம் எப்பத்துல இருந்து கேக்குது? அன்னைக்கேவா?"

அவன் யோசித்தான். நேர்மையான ஆள், யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "அன்னைக்கு இல்ல. அன்னைக்கு ஒண்ணும் இல்ல. போலீஸ் வந்து, பார்லர் அக்கா நேர்ல பார்த்திருக்காங்கன்னு சொன்னாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப நான் எப்படி கவனிக்காம விட்டேன்னு திரும்பத் திரும்ப அந்தத் தெருவ ஓட்டிப் பார்த்தேன், மனசுக்குள்ள. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ கேட்டுச்சு. இப்ப ஓட்டிப் பார்த்தா, கேக்காத நாளே இல்ல."

"அது வந்து உக்காந்த சத்தம் தம்பி. நான் சொன்னதால வந்தது."

"இருக்கலாம். ஆனா கேக்குதேக்கா."

"நீங்க அன்னைக்கு எந்தப் பக்கமா வந்தீங்க?"

"மருந்துக்கடைப் பக்கமா. எப்பவும் அதுதான்."

"அவரை இடிச்ச வண்டி பள்ளிக்கூடத்துப் பக்கமா இருந்து வந்துச்சு."

"நீங்க முதல்ல மருந்துக்கடைப் பக்கம்னு சொன்னீங்க."

"தப்பாச் சொன்னேன்."

"இப்பச் சொல்றது சரின்னு எப்படித் தெரியும்?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. வழி கேட்பவன் கேட்பது போலக் கேட்டான். அதற்கு அவளிடம் பதில் இருந்தது: வெயில், முன்முடி, கண்ணாடி. மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதும், கத்திரி ஒளிர்வதும், கண்ணாடியின் இடது ஓரத்தில் நீலம் நுழைவதும் அவளுக்கு அவ்வளவு பளிச்சென்று தெரிந்தன. வாசலில் வெயில் அடித்தது எவ்வளவு பளிச்சென்று தெரிந்ததோ, அதே பளிச்சு. அவள் பேச்சு தடுமாறியது.

"எனக்கு உறுதியா தெரியலன்னு சொல்லப் போறேன்" என்றாள் கடைசியில். "நீங்களும் அதையே சொல்லுங்க. ஞாபகம் இல்லன்னு. அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் தெரியல, இல்லையா? அன்னைக்குத் தெரியாதது இன்னைக்குத் தெரிஞ்சா அது ஞாபகம் இல்ல தம்பி."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அன்னைக்கு அவரை இடிக்க வெச்சீங்க. இன்னைக்கு இடிக்காம இருக்க வெக்கிறீங்க. ரெண்டும் உங்க வாய்தானா? எங்க வீட்டுக்காரருக்குன்னு ஒரு தலை கிடையாதா?"

பார்லரம்மாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அன்று அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இரும்புப் படி இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை எடுத்து வைத்த புடவையைக் கட்டவில்லை. கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு போனாள். அதிகாரியின் அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, மூலையில் கயிறு கட்டிய கோப்புகள். வாத்தியார் மகள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தனக்குப் பக்கத்து நாற்காலியை அவளுக்காகக் கைப்பை வைத்துப் பிடித்து வைத்திருந்தாள். தண்ணி வண்டிக்காரன் சுவரோரமாக நின்றான்.

"சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன். வாசல்ல நின்னுட்டிருந்தீங்க..." என்று அதிகாரியே ஆரம்பித்து வைத்தார். கதை அவருக்கும் மனப்பாடம்.

"வாசல்ல நிக்கல சார்."

பேனா நின்றது.

அவள் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அதிகாரி, "அப்ப அன்னைக்கு என்கிட்ட சொன்னது?" என்று கேட்டார். இரண்டு தடவையும், "அது தப்பு சார்" என்றாள். போன் பார்க்கவில்லை, முகம் பார்க்கவில்லை, வேன் என்றுகூடத் தெரியாது. நீலம் மட்டும். அதுவும் கண்ணாடியில்.

"நீலமாவது நிச்சயமா? இல்ல அதுவும் நாளைக்குப் பச்சையா மாறுமா?" மேசையோரம் உட்கார்ந்திருந்த இன்னொரு காவலர் சிரித்தார். "கண்ணாடி, இடது, வலது... அம்மா, நீங்க முடி வெட்டறீங்களா, வித்தை காட்டறீங்களா?"

நியாயமான கேலி. அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தால் இவளே இன்னும் நன்றாகக் கேலி செய்திருப்பாள்.

வாத்தியார் மகள் கேலி செய்யவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மூணு வாரமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னீங்களேக்கா. அந்த மூஞ்சிய மறக்கவே மாட்டேன்னு. நான் அப்பாகிட்ட போய் தினம் சொல்வேன். அவரு அதைக் கேட்டுத்தான் தூங்குவாரு. யாரோ ஒருத்தருக்குத் தெரியும், யாரோ ஒருத்தர் பார்த்திருக்காங்கன்னு. இப்ப நான் போய் என்ன சொல்ல?"

"தெரியலம்மா."

"நேத்து யாரு வந்து பேசினாங்க உங்ககிட்ட?"

"யாரும் பேசல. நானா..."

"விடுங்க" என்றாள் வாத்தியார் மகள். அதற்குப் பிறகு அவள் பார்லரம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி எரிச்சலோடு சுவர்ப்பக்கம் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற? ஏதோ சொல்லணும்னு காலைல இருந்து நின்னுட்டிருக்க."

தண்ணி வண்டிக்காரன் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தான். உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டான். அவன் பார்வை அதிகாரியிடம் இல்லை, பார்லரம்மாவிடம் இருந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்கிற பார்வை. அவள் தரையைப் பார்த்தாள். தலையசைத்தால் அவன் ஒன்று சொல்வான், அசைக்காவிட்டால் வேறொன்று சொல்வான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றான்.

"இடிச்சியா இல்லையா?"

"ஞாபகம் இல்ல. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் கொடுத்த வாக்கியம். ஒரு சொல்கூட மாறாமல்.

அதிகாரி தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். சாட்சி இல்லாமல் இதை எங்கே கொண்டுபோவது, வண்டியை எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள், உரிமம் அடுத்த வாரம் வரும், எல்லாரும் கிளம்புங்க என்றார். வாத்தியார் மகள்தான் முதலில் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பக்கமாகத்தான் போனாள்; ஆனால் நடை மெதுவாக இருந்தது.

பார்லரம்மா படியில் கொஞ்ச நேரம் நின்றாள். ஒருவன் உள்ளே போகாமல் தப்பித்துவிட்டான். அதற்காக மகிழ வேண்டும் என்று அறிவு சொன்னது. ஆனால் வாத்தியாரை இடித்தவன் யாரோ, பள்ளிக்கூடப் பக்கமிருந்தோ மருந்துக்கடைப் பக்கமிருந்தோ வந்தவன், எங்கோ நிம்மதியாக இருக்கிறான். மூன்று வாரம் அவனைத் தேடாமல் இருந்ததற்குக் காரணம் அவள் வாய். முதல் நாள் அந்த நான்கு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால், யாராவது இரண்டு பக்கமும் தேடியிருப்பார்கள்.

தெருவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அன்று சாயங்காலத்துக்குள்ளேயே சாவிக்காரர், "அவங்க கண்ணாடியிலதான் பார்த்தாங்கன்னு நான் முதல் நாளே சொன்னேன்" என்று நான்கு பேரிடம் சொல்லியிருந்தார். அவருக்கு அது கண்ணில் நிற்கிறதாம்.

ஆனால் அது பிறகு நடந்தது. காவல் நிலையப் படியில் அவள் நின்றிருந்தபோது, வண்டிக்கான தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணி வண்டிக்காரன் வெளியே வந்தான். அவளைத் தாண்டி நான்கு படி இறங்கினான். நின்றான். திரும்பி மேலேறி வந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து அவள் கூசினாள்.

"அக்கா" என்றான், குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல. "நான் இடிக்கலல்ல?"

அவன் கண் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன வருகிறதோ அதை வாங்கிக்கொண்டு போகத் தயாராக நின்றான். தெரியாது என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னால், அவன் அந்தத் தெருவை மனசுக்குள் ஆயுசு முழுக்க ஓட்டிக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு தடவையும் டொப்பென்று கேட்கும்.

"இல்ல தம்பி" என்றாள் பார்லரம்மா. "நீங்க இடிக்கல. நான்தான் பார்த்தேனே."